அந்த ஒரு யார்

அமெரிக்கன் ஃபுட்போலைப் பற்றித் தமிழில் ஆரும் எழுதி நான் வாசித்ததில்லை. உதை ஆர் வாசிக்கப்போகினம் எண்டு விட்டிருப்பினம். ஹெல்மெட் போட்ட தடியன்கள் ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் விழுந்து எழும்புற விளையாட்டு. அஞ்சு செக்கன் ஓடுவாங்கள், பிறகு அரை நிமிசம் நிண்டு கதைப்பாங்கள், திரும்பவும் அஞ்சு செக்கன். இதில என்ன கிடக்கு?

எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் பெரியப்பாவின் மகன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஓஸ்டினில் வேலை எடுத்து இருந்துவிட்டார். வீட்டில் எனக்குச் சொந்த அண்ணா ஒருவர் இருப்பதால் இவர் ‘ஓஸ்டின் அண்ணா’. அங்கே சனிக்கிழமை இரவு மட்ச் என்றால் எங்களுக்கு ஞாயிறு விடிய அஞ்சரை, ஆறரை. அம்மா தேத்தண்ணி வைக்கிற நேரம். லொக்டவுன் காலத்தில் இருவருக்கும் வேறு வேலை இல்லை. அவர் வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, தன்ர ரீவியைக் காட்டி, “தம்பி, இப்ப பார், இப்ப பார்” என்பார். நான் பார்ப்பேன். ஒண்டும் விளங்காது. ஆறேழு கிழமைக்குப் பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது: அந்த அரை நிமிசக் கதைதான் விளையாட்டு. ஓடுற அஞ்சு செக்கன் அதின்ர விடைத்தாள்.

விதிகளைக் கெதியாச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கிற அணிக்கு 4 தடவை தருவார்கள். ஒவ்வொன்றையும் ‘டவுன்’ என்பார்கள். அந்த 4 டவுனுக்குள் 10 யார் முன்னுக்குப் போகவேண்டும். போனால் புதிதாக 4 டவுன் கிடைக்கும். போகாவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து மற்ற அணிக்கு. (யார் எண்டால் எங்கட துணிக்கடை யார்தான். 3 அடி.) அதனால் 3 டவுன் முடிந்தும் தூரம் மிச்சம் இருந்தால் வழக்கமாக 4ஆவது டவுனில் பந்தை எட்ட உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அது ‘பன்ட்’. கோல் கம்பம் கிட்ட இருந்தால் இரண்டு கம்பத்துக்கும் நடுவால் உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அது ‘ஃபீல்ட் கோல்’. பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அங்கால கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி.

10 யாரில் ஒன்பதைத் தாண்டியாயிற்று. மிச்சம் ஒரு யார். சில வேளை ஒரு முழம். இதற்குப் பெயர் ‘ஷோர்ட் யார்டேஜ்’. ஒரு சாதாரண மனுசன் முன்னுக்குச் சரிஞ்சு விழுந்தாலே அந்தத் தூரம் காணும். ஆனால் மைதானத்தில் இருக்கிற 80,000 சனத்துக்கும், ரீவியில் பார்க்கிற கோடிக்கணக்கான சனத்துக்கும், எதிரில் நிற்கிற 11 பேருக்கும் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியும். நடுவால் இடித்துக்கொண்டு போகப்போகிறீர்கள்.

எங்களுக்கு இது புதிதில்லை. கடைசி ஓவரில் மாலிங்க ஓடிவரேக்க யோக்கர்தான் வரப்போகுது எண்டு ஆருக்குத்தான் தெரியாது? 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்கக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் 4 பந்தில் 4 விக்கெட் போனது. அதே மாலிங்க, அதே ஓட்டத்தோடு வந்து திடீரென்று மெதுவான பந்து ஒன்றைப் போடுவார். யோக்கருக்காகக் காலை விரித்து நிற்பவர் அப்படியே மடிவார். எல்லாருக்கும் தெரிந்ததையே செய்வதா, அவர்களுக்குத் தெரியும் என்பதை வைத்தே ஏமாற்றுவதா? ஷோர்ட் யார்டேஜில் கோச்சின் முன்னால் இருக்கிற கேள்வியும் அதுதான். மாலிங்கவுக்கு யோசிக்க ஓடிவருகிற தூரம் இருந்தது. கோச்சுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

தெரிந்ததைச் செய்வதிலும் வகை இருக்கிறது. ஆகச் சுருக்கமானது ‘ஸ்னீக்’. பந்தைப் பின்னுக்குத் தருகிற சென்டருக்குப் பின்னால் குவாட்டர்பக் ஒட்டி நிற்பார். பந்து கைக்கு வந்த உடனே அப்படியே முன்னுக்குப் பாய்வார். பந்து யாருக்கும் கைமாறாது, நேரம் போகாது. அடுத்தது, பந்தை ரன்னிங் பக்கிடம் கொடுத்து, அவருக்கு முன்னால் ஃபுல்பக் என்ற ஒரு தடித்த ஆளை வழி திறக்க விடுவது. எங்கட ஊர்க் கயிறிழுவையைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள்: இழுக்கிறதுக்குப் பதிலாக 5 பேர் தள்ளுகிறார்கள். ஆர் பதிஞ்சு தள்ளுகிறானோ அவன் வெல்லுவான். இதில் நிமிர்ந்தவன் செத்தான்.

இப்போதைய கல்லூரி அணிகள் பல குவாட்டர்பக்கை சென்டரிலிருந்து நாலைந்து யார் பின்னுக்கு நிறுத்தித்தான் விளையாடுகின்றன. தூரமாக எறிய அது வசதி. ஆனால் ஒரு யார் தேவைப்படுகிற நேரத்திலும் அப்படியே நின்றால், ரன்னிங் பக் ஒரு யார் எடுப்பதற்கு ஆறு யார் ஓடவேண்டும். அதற்குள் எதிரணி உள்ளே வந்துவிடும். ஓஸ்டின் அண்ணாவுக்கு உலகத்தில் வேறெதிலும் இவ்வளவு கோபம் வந்து நான் காணவில்லை. “ஒரு யார் தூரத்துக்கு உவங்கள் ஏன் பஸ் பிடிச்சுப் போறாங்கள்?” என்று கத்துவார். அவர் சொல்வது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஏமாற்றுகிற பக்கம் வேறு. நடுவால் இடிக்கிற மாதிரிக் காட்டி, எதிரணி முழுக்க நடுவுக்கு வந்ததும், கரையால் நழுவிப்போன ஒருத்தருக்கு எறிவது. அல்லது பந்தைப் பக்கவாட்டாகக் கொடுத்து ஓரத்தால் சுற்றி ஓடுவது. சரிவந்தால் அழகு. சரிவராவிட்டால், ‘ஒரு யாருக்குப் போய் இந்தச் சேட்டை தேவையா?’

இடிக்கிறதென்றால் என்னவென்று பார்க்க விரும்புகிறவர்கள் 1979 ஜனவரி 1, நியூ ஓர்லியன்ஸ், சுகர் போல் என்று தேடுங்கள். முதலிடத்தில் இருந்த பென் ஸ்டேட்டும் அலபாமாவும். அலபாமா 14, பென் ஸ்டேட் 7. கடைசிக் கால்பகுதியில் பென் ஸ்டேட் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. 3ஆவது டவுனில் நடுவால் இடித்தார்கள். நின்றுபோனது. மிச்சம் ஒரு யாரும் இல்லை. பென் ஸ்டேட் குவாட்டர்பக் கிட்டப் போய்த் தூரத்தைப் பார்த்தபோது, அலபாமா வீரர் மார்ட்டி லயன்ஸ் ‘நீ எறிகிறது நல்லது’ என்ற மாதிரிச் சொன்னார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அவர்கள் எறியவில்லை. 4ஆவது டவுனிலும் நடுவால்தான். மைக் குமன் மேலால் பாய்ந்தார். பரி க்ரவுஸ் அந்தரத்திலேயே மோதி நிறுத்தினார். 14-7 இலேயே முடிந்தது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது க்ரவுஸ் இல்லை. அவருக்குக் கீழே, முகம் தெரியாமல், முழங்காலுக்கும் பதிவாகப் போய்த் தள்ளிக்கொண்டிருக்கிற அலபாமாப் பெடியள். குமனை மேலால் பாய வைத்தது அவர்கள்தான். கீழே வழி இல்லை.

நான் எழுத வந்தது ஒரு கோச்சைப் பற்றி. பீட் கரோல். ஷோர்ட் யார்டேஜில் இவர் எடுத்த மூன்று தீர்மானங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கோச்மாரைப் பற்றி எவ்வளவு விளங்குமோ அதைவிடப் பார்க்கிற எங்களைப் பற்றிக் கூட விளங்கும்.

முதலாவது, 2005 ஒக்டோபர் 15. அப்போது கரோல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் கோச். எல்லாரும் யூஎஸ்சி என்பார்கள். நோட்டர் டேமின் மைதானத்தில் 31-28 என்று பின்தங்கியிருந்தார்கள். 4ஆவது டவுன், 9 யார் தேவை என்ற நிலையில் குவாட்டர்பக் மட் லைனார்ட் எறிந்த பந்து 61 யார் போய்ச் சேர்ந்தது. கடைசியில் பந்து ஒரு யார் கோட்டில், கடிகாரத்தில் 7 செக்கன். நேரத்தை நிறுத்த டைம்அவுட் ஒன்றும் மிச்சமில்லை. ஃபீல்ட் கோல் உதைத்தால் சமன், மேலதிக நேரத்துக்குப் போகலாம். இடித்து நின்றுபோனால் நேரம் முடியும், தோல்வி. லைனார்ட் ஸ்னீக் போனார். ஒருதரம் தடுக்கப்பட்டுத் திரும்பினார். பின்னால் வந்த ரன்னிங் பக் ரெஜி புஷ் அவரை முதுகில் பிடித்துத் தள்ளினார். டச்டவுன். 34-31. அந்தக் காலத்துக் கல்லூரி விதிப்படி பந்து வைத்திருப்பவரைத் தள்ளுவது குற்றம். நடுவர் கொடியை எறியவில்லை. பிறகு அந்த விதியிலிருந்து தள்ளுவதை எடுத்தே விட்டார்கள். பிடித்து இழுப்பதுதான் இப்போதும் குற்றம். இன்றைக்கு ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் குவாட்டர்பக்கைப் பின்னால் நின்று தள்ளுகிறதைப் பற்றி அமெரிக்கா முழுக்கச் சண்டை பிடிக்கிறார்களே, அதற்கு ஒரு பாட்டன் இந்தத் தள்ளு. கரோலுக்கு என்ன பெயர் கிடைத்தது? துணிஞ்ச மனுசன்.

இரண்டாவது, அதே பருவம், 2006 ஜனவரி 4. பசடீனாவில் ரோஸ் போல், தேசிய சம்பியன் யார் என்கிற மட்ச். யூஎஸ்சி அதற்கு முதல் 34 மட்ச் தொடர்ந்து வென்றிருந்தது. எதிரில் ஓஸ்டின் அண்ணாவின் டெக்சாஸ். 38-33 என்று யூஎஸ்சி முன்னுக்கு. 2 நிமிடமும் சொச்சமும் மிச்சம். பந்து டெக்சாஸின் 45 யார் கோட்டில். 4ஆவது டவுன், 2 யார் தேவை. எடுத்தால் ஏறக்குறைய மட்ச் முடிஞ்சுது. பன்ட் அடித்தால் பந்து டெக்சாஸ் குவாட்டர்பக் வின்ஸ் யங்கின் கைக்குப் போகும், ஆனால் அவர் கனதூரம் வரவேண்டியிருக்கும். யங்கை அன்றிரவு ஆராலும் நிற்பாட்ட முடியவில்லை.

கரோல் பன்ட் அடிக்கவில்லை. பந்தை லென்டேல் வைட்டிடம் கொடுத்தார்கள். யூஎஸ்சியின் இடிக்கிற ரன்னிங் பக் அவர்தான். அன்றைக்கு 124 யார், 3 டச்டவுன். கொடுக்கவேண்டியவரிடம்தான் கொடுத்தார்கள். டெக்சாஸ் முழுக்க நடுவுக்கு வந்து மறித்தது. 2 யார் வரவில்லை. அந்த வருடத்துக்கான ஹைஸ்மன் விருதை, அதாவது நாட்டின் ஆகச் சிறந்த கல்லூரி வீரருக்கான விருதை, சில கிழமைக்கு முதல் வாங்கிய ரெஜி புஷ் அந்த நேரம் களத்திலேயே இல்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யங் 56 யார் கொண்டுவந்து, 19 செக்கன் இருக்கும்போது, அவரும் ஒரு 4ஆவது டவுனில், 8 யார் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 41-38, டெக்சாஸ். கரோலுக்கு என்ன பெயர்? தலைக்கனம் பிடிச்ச மனுசன்.

எனக்கு இதில் இன்னொன்றும் உறுத்தும். அதே மட்சின் முதல் பாதியிலும் யூஎஸ்சி ஒரு 4ஆவது டவுனில், ஒரு யார் தேவைப்பட்டபோது, லைனார்ட்டை ஸ்னீக் போகவிட்டது. நோட்டர் டேமில் வென்ற அதே ஸ்னீக். அது சரிவரவில்லை. பெரிய கதையாக அதை ஒருத்தரும் சொல்லுவதில்லை. கடைசி நிமிசத்தில் நடக்கிறதுதான் எங்களுக்குக் கதை.

மூன்றாவதைச் சொல்லக் கல்லூரியை விட்டுக் கொஞ்சம் வெளியே போகவேண்டும். 2015 பெப்ரவரி 1, சூப்பர் போல். கரோல் இப்போது சியாட்டில் சீஹோக்ஸின் கோச். 28-24 என்று பின்னுக்கு. பந்து ஒரு யார் கோட்டில், 2ஆவது டவுன், 26 செக்கன், ஒரு டைம்அவுட். மார்ஷோன் லிஞ்ச் என்ற, அந்த நேரம் ஆகப் பெரிய இடிக்கிற ரன்னிங் பக் அவரிடம் இருக்கிறார். உலகமே லிஞ்சிடம் பந்து போகப்போகிறது என்று நிற்கிறது. சீஹோக்ஸ் எறிந்தது. மல்கம் பட்லர் என்ற புதுப்பெடியன் குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டான். ஒரு கழகமும் தெரிவு செய்யாமல் விட்டு, பிறகு பயிற்சிக்கு வந்து இடம் பிடித்தவன். மட்ச் முடிந்தது. கரோலுக்கு என்ன பெயர்? விசரன்.

கணக்கைப் பாருங்கள். 26 செக்கன், ஒரு டைம்அவுட், 3 டவுன் மிச்சம். மூன்றிலும் இடித்தால் நேரம் காணாது: ஓடுகிறவர் உள்ளே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து நிலத்தில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஆகவே மூன்றில் ஒன்றை எறிகிறதென்றால்தான் மூன்று தடவையும் முயற்சிக்கலாம். இதைத்தான் அவர் பிறகு விளங்கப்படுத்தினார். ஆரும் கேட்கவில்லை. (அந்தக் குறிப்பிட்ட பாஸ், நெரிசலுக்கு நடுவில் எறிகிற பாஸ், நல்ல தெரிவா என்பது வேறு சண்டை. என்னைக் கேட்டால் இல்லை.)

2006 இல் எல்லாருக்கும் தெரிந்ததைச் செய்தார், ‘ஏன் இடிச்சனீ?’ 2015 இல் தெரியாததைச் செய்தார், ‘ஏன் இடிக்கேல்ல?’ 2005 இல் செய்தது இரண்டையும்விட ஆபத்தானது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனெண்டால் வென்றுவிட்டார்.

எங்கட மொழியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ‘முடிவு எடுத்தான்’ என்கிறோம். ‘என்ன முடிவு வந்தது?’ என்றும் கேட்கிறோம். எடுத்ததும் முடிவு, வந்ததும் முடிவு. இந்தக் கட்டுரை முழுக்கத் ‘தீர்மானம்’ என்ற சொல்லைத் தேடி நான் போட்டுக்கொண்டிருப்பது அதனால்தான்.

2011 இல் அப்பா எங்கட தோட்டக் காணியை ஈடு வைத்து, ஒரு ஏஜென்சிக்காரன் மூலம் அண்ணாவை வெளியில் அனுப்பினார். அண்ணா மலேசியாவில் எட்டு மாதம் ஒரு அறைக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். காசு திரும்பி வரேல்ல. காணி போனது. அதே ஏஜென்சிக்காரனிடம், அதே மாதம், எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிற பெடியனும் காசு கட்டினவன். அவன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்ப அந்த வீடு மேல்மாடி. அந்த வீட்டு ஐயாவைக் கோயிலடியில் கண்டால் “அந்தாள் அப்பவே யோசிச்சுச் செய்தது” என்பார்கள். அப்பாவைப் பற்றி, “மாஸ்டர் அவசரப்பட்டிட்டார்.” இரண்டு பேரும் ஒரே ஆளை விசாரித்தவர்கள், ஒரே தொகை கட்டினவர்கள், ஒரே அளவுக்குப் பயந்தவர்கள். ஒரு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி ஒரு பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார், மற்றதைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணாவுக்கு அந்த எட்டு மாதத்தைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை. அப்பாவுக்கு அந்த ஒழுங்கையால் நடக்க விருப்பமில்லை. சைக்கிளில் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவார்.

சனம் இப்படிக் கதைக்கும் என்று தெரிந்தால் தீர்மானம் எடுக்கிறவர் என்ன செய்வார்? பேர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் டேவிட் ரோமர் தொழில்முறை ஃபுட்போலின் 4ஆவது டவுன்களை எடுத்து ஆராய்ந்து 2006 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெல்லவேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அணிகள் உதைத்துக் கொடுக்கிற அளவுக்கு உதைக்கக்கூடாது. இன்னும் கன தடவை துணிந்து போகவேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் கோச்மார் உதைத்தார்கள். ஏன் என்பதற்கு எனக்குப் படுகிற காரணம் இது: பன்ட் அடித்துத் தோற்றால் அணி தோற்றது. துணிந்து போய்த் தோற்றால் கோச் தோற்றார். வேலை போகும். வழமையானதைச் செய்து தோற்றவனை ஊர் மன்னிக்கும்.

இன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் கோச்மாரின் கையில் இருக்கிறது. ரீவியிலேயே ‘போகலாம்’, ‘உதைக்கலாம்’ என்று போட்டுக் காட்டுகிறார்கள். அதனால் பேச்சு மாறிவிட்டதா? 2023 ஒக்டோபரில் ஓரிகனும் வொஷிங்டனும் விளையாடினது. ஓரிகன் 33-29 என்று முன்னுக்கு, 2 நிமிடமும் சொச்சமும் மிச்சம், 4ஆவது டவுன், 3 யார், நடு மைதானத்துக்குக் கிட்ட. அச்சொட்டாக 2006. கோச் டன் லனிங் பன்ட் அடிக்கவில்லை. எறிந்தார்கள், நிலத்தில் விழுந்தது. வொஷிங்டன் உடனே டச்டவுன் எடுத்து 36-33 என்று வென்றது. அன்றைக்கு நான் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொமென்டுகளில் ‘விசரன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொல் இருப்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

தோற்றும் மரியாதை கிடைத்த ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். நெப்ராஸ்காவின் டொம் ஒஸ்போர்ன். 1984 ஜனவரி 2, மயாமியில் ஒரேஞ்ச் போல். தோல்வியே காணாத நெப்ராஸ்கா கடைசி நிமிடத்தில் டச்டவுன் எடுத்து 31-30 க்கு வந்தது. டச்டவுனுக்குப் பிறகு ஒரு உதை உதைத்து ஒரு புள்ளி எடுக்கலாம். அல்லது 3 யார் கோட்டிலிருந்து ஒரேயொரு முயற்சி, சரிவந்தால் 2 புள்ளி. அப்போது கல்லூரி ஃபுட்போலில் மேலதிக நேரம் கிடையாது. ஒரு புள்ளியை உதைத்து 31-31 என்று சமன் செய்திருந்தாலே அநேகமாக நெப்ராஸ்காதான் சம்பியன். ஒஸ்போர்ன் இரண்டுக்குப் போனார். எறிந்த பந்தில் ஒரு மயாமிக்காரனின் விரல் பட்டது. தோல்வி. சமன் செய்து கிண்ணம் வாங்க அவர் விரும்பவில்லை என்பதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறார்கள். பிறகு 1994, 1995, 1997 என்று மூன்று தடவை சம்பியன். அந்த மூன்றும் வராமல் இருந்திருந்தால் 1984 ஐ எப்படிக் கதைத்திருப்பார்கள் என்று ஓஸ்டின் அண்ணாவிடம் கேட்டேன். “உனக்கு எல்லாத்திலயும் ஒரு நொட்டை” என்றார்.

ஏமாற்றி வென்றதைப் பார்க்கவேண்டுமென்றால் பொய்சி ஸ்டேட். 2007 ஜனவரி 1, ஃபியெஸ்ட்டா போல், எதிரில் ஒக்லஹோமா. ஐடஹோவிலிருந்து வந்த, பெரிய இடத்தில் ஆரும் கணக்கில் எடுக்காத அணி. மேலதிக நேரத்தில் 7 புள்ளி பின்னுக்கு, 4ஆவது டவுன், 2 யார். இடித்தால் ஒக்லஹோமாவின் உடம்புக்கு முன்னால் நிற்கமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். குவாட்டர்பக் பக்கவாட்டாக நடந்து போனார். பந்து நேரே வின்னி பெரெட்டாவிடம் வந்தது. அவர் ஓடுகிற மாதிரிப் போய் எறிந்தார். டச்டவுன். சமன் செய்ய ஒரு புள்ளி காணும். கோச் கிறிஸ் பீட்டர்சன் இரண்டுக்குப் போனார். குவாட்டர்பக் வலது கையால் எறிகிற மாதிரிக் காட்டினார், இடது கை முதுகுக்குப் பின்னால், அதில் பந்து. அதை இயன் ஜோன்சன் வாங்கிக்கொண்டு மற்றப் பக்கத்தால் ஆளில்லாத வெளியில் ஓடினார். 43-42. இது நடந்த மைதானம் அரிசோனாவின் கிளென்டேலில் இருக்கிறது. எட்டு வருடம் கழித்துக் கரோல் எறிந்து தோற்றதும் அதே மைதானம்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது. தீர்மானம் கோச்சினுடையது. இடிபடுகிற உடம்பு பெடியளின்ர. 19, 20, 21 வயசு. கோச்சுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். அந்தக் காலத்தில் பெடியளுக்குப் படிப்புச் செலவைத் தவிரச் சம்பளம் என்று ஒரு சதம் கிடையாது. 2 யார் வரவில்லை என்றால் படத்தில் விழுந்து கிடப்பது லென்டேல் வைட்.

அந்த வைட் நின்றுபோகிற காட்சியை ஒருநாள் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார். விளையாட்டு என்னவென்று கேட்கவில்லை. “உந்தப் பெடியன் பிறகு என்ன செய்தவன்?” என்று மட்டும் கேட்டார். தொழில்முறைக் கழகத்துக்குப் போனவர், டெனசி டைட்டன்ஸ், 2008 இல் மட்டும் 15 டச்டவுன் எடுத்தவர், பெரும்பாலும் கோட்டுக்குக் கிட்ட நின்று இடித்துத்தான் என்றேன். “ஓ” என்றுவிட்டுப் போய்விட்டார்.

2006 இன் அந்த 4ஆவது டவுனைப் பற்றி ஓஸ்டின் அண்ணாவோடு எனக்கு இன்னும் வழக்கு முடியவில்லை. கரோல் பன்ட் அடித்திருக்கவேண்டும் என்கிறார் அவர். டெக்சாஸ்காரர், வென்றவர், அப்படித்தான் சொல்லுவார். பன்ட் அடித்திருந்தாலும் வின்ஸ் யங் வந்திருப்பார். கொஞ்சம் கூடத் தூரம் ஓடியிருப்பார், அவ்வளவுதான். போனது சரி. வைட்டிடம் கொடுத்ததும் சரி. ரெஜி புஷ்ஷைக் கரையில் நிறுத்தினதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஆளிடம் பந்தைக் கொடுக்கத் தேவையில்லை. சும்மா களத்தில் நிறுத்தி, பந்து வரமுதல் வலப்பக்கமாக ஓடவிட்டால் போதும். டெக்சாஸ்காரரில் ஒருத்தனாவது, ஒரு செக்கனாவது, அவர் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பான். நான் என்றால் புஷ்ஷை ஓடவிட்டுவிட்டு, பந்தை வைட்டிடம்தான் கொடுத்திருப்பேன்.